உயரம் ஆகாத லிஃப்ட்டுக்கு ஒரு முதல் அபிப்பிராயம்

அந்த அலுவலகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தொடரை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நாங்கதான் சார் அதை எடுத்தது."

"யார் எடுத்தாங்கன்னு கேக்கல. பார்த்திருக்கீங்களா இல்லையா?"

"பார்க்காம எப்படி சார் எடுக்க முடியும்?"

கம்பிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். அம்மை கண்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியை ஒரு முழம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "அப்போ கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கம்மா," என்றார். தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தது. அதற்கு அப்பால் 'பார்த்தவர்கள்' என்று எழுதி, உட்கார ஒரு பெஞ்சுகூடப் போடாமல் விட்டிருந்தார்கள்.

அதுதான் முதல் அபிப்பிராய இயக்ககம். புதிதாக எந்த அனிமேஷன் தொடர் வந்தாலும் டிவியில் ஓடுவதற்கு முன்னால் இவர்களிடம் முதல் அபிப்பிராயச் சான்றிதழ் வாங்கியாகவேண்டும். முன்பெல்லாம் ஜனங்களே முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு, 'நல்லாருக்கு', 'சுமார்', 'ஒரே போர்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். சொன்னதை மறுவாரமே மாற்றியும் சொன்னார்களாம். இந்த ஒழுங்கீனத்தைச் சரிசெய்வதற்காக மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டி, நூற்றுப்பத்துப் பேரை வேலைக்கு வைத்து, அவர்களுக்கு ஒரு கேண்டீனும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கேண்டீன் டீ சுமார்தான். இது என்னுடைய முதல் அபிப்பிராயம். பதினோரு மாதம் குடித்த பிறகும் அதில் மாற்றமில்லை.

எங்கள் தொடரின் பெயர் 'உயரம் ஆகாத லிஃப்ட்'. ஒன்பது மாடி அடுக்ககத்தில் ஒரு லிஃப்ட். அதற்கு உயரம் என்றால் பயம். ஆட்கள் ஏறி பொத்தானை அமுக்குவார்கள், அது கதவை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்ளும். மொத்தம் பன்னிரண்டு பாகம். டயர் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில் நானும் என் வீட்டுக்காரரும் நாலு வருஷம் உட்கார்ந்து செய்தது. அவர் வரைவார். சத்தமெல்லாம் நான். லிஃப்ட் பெருமூச்சு விடுவது எங்கள் வீட்டு இரும்பு பீரோ கதவை நான் மெதுவாகத் திறப்பதுதான். சண்டை வந்த நாட்களில் வேகமாகத் திறந்திருக்கிறேன், அதையும் அவர் மூன்றாம் பாகத்தில் சேர்த்துவிட்டார்.

கடைசிக் காட்சியை முடித்த அன்று அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாராவது ஒருத்தர் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம்தான் அடுத்தது," என்றார். அதோடு சரி. மின்சார பில்லின் ஓரத்தில்கூட எதையாவது கிறுக்கிக்கொண்டே இருந்த மனிதர், அதற்கப்புறம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சான்றிதழ் எனக்கு ஒன்றும் பெரிதில்லை. இந்த மனிதர் மறுபடி பேனாவைக் கையில் எடுக்கவேண்டும், அதற்காகத்தான் அந்தக் கட்டடத்துக்கு நடையாய் நடந்தேன்.

மனுக் கொடுத்து மூன்றாவது மாதம் துணை இயக்குநரின் அறைக்குள் விட்டார்கள். வழவழவென்று மழித்த முகம், மேசைமேல் ஒரு தாள்கூடக் கிடையாது. "வாங்கம்மா, கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கங்க," என்று அன்பாகச் சொன்னார். அவர் அறையிலும் ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

"இந்த நாற்காலியில நான் உக்காந்து இருபத்திரண்டு வருஷம் ஆகுது. முந்நூத்தி நாற்பது தொடருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுல ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல. வீட்டுல குழந்தைங்க கார்ட்டூன் போட்டா எழுந்து சமையலறைக்குப் போயிடுவேன். மனசை வெள்ளைத்தாள் மாதிரி வெச்சிருக்கேம்மா. இந்தக் காலத்துல அது லேசுப்பட்ட காரியமா, சொல்லுங்க?"

"இல்ல சார்," என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு வெள்ளைத்தாள் என்றுதான் பெயர்.

"நம்ம குழுவுல ஒன்பது பேர். அத்தனை பேரும் வாழ்க்கையில ஒரு அனிமேஷனும் பார்த்திராதவங்க. தேடிப் பிடிக்கறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுது. போன வருஷம் ஒருத்தர் பல்பொடி விளம்பரத்துல பல்லு டான்ஸ் ஆடறதைப் பார்த்தேன்னு ஒத்துக்கிட்டார். உடனே வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

குழு கூடிய நாள் வந்தது. திரையிடும் அறையில் ஒன்பது பேரும் கண்ணில் துணி கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் துணியைக் கழற்றி, தொண்ணூறு வினாடி பார்த்து, மறுபடி மணி அடித்ததும் கட்டிக்கொள்ள வேண்டும். தொண்ணூறு வினாடிக்கு மேல் பார்த்தால் அது இரண்டாவது அபிப்பிராயமாகிவிடுமாம். படத்தை ஓட்டுகிற ஆபரேட்டர் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி, சுவரோரமாக இருந்த ஃபைல் அலமாரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏனென்று எழுத்தரைக் கேட்டேன். வந்து சேர்கிற தொடரில் எல்லாப் பாகமும் பழுதில்லாமல் இருக்கிறதா என்று ஆபரேட்டர் முழுசாக ஓட்டிச் சரிபார்க்கவேண்டும் என்பது விதியாம். அலுவலகத்தில் யாரும் தொடரைப் பார்க்கக் கூடாது என்பதும் விதியாம். இரண்டையும் காப்பாற்றுவதற்குத்தான் அந்த முதுகு.

மணி அடித்தது. எங்கள் முதல் பாகம் ஆரம்பித்தது. லிஃப்ட் கீழ்த்தளத்தில் நிற்கிறது. ஒரு அம்மாள் சாமான் பையோடு ஏறி ஐந்தாம் எண்ணை அமுக்குகிறாள். கதவு மூடுகிறது. கதவு திறக்கிறது. அதே கீழ்த்தளம். பையைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறிப் போகிறாள். என் பீரோ ஒரு பெருமூச்சு விடுகிறது. யாரும் சிரிக்கவில்லை.

நடு நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள், "பாவம், அது ஏன் மேல போகவே மாட்டேங்குது?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வெளியாள் எங்கள் லிஃப்ட்டைப் பாவம் என்று சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியுமா? "அதுக்குப் பயம்மா! கடைசி பாகத்துலதான் போகும்!" என்று அங்கேயும் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். மணியை விடாமல் அடித்தார்கள். ஒன்பது பேரும் காதைப் பொத்தினார்கள். கேள்வி கேட்ட அம்மாள், "ஆறு வருஷமா ஒண்ணும் தெரியாம இருந்தேன். இப்படிப் பண்ணிட்டீங்களே!" என்று அழ ஆரம்பித்தாள். முடிவு தெரிந்துபோனவர்கள் முதல் அபிப்பிராயம் சொல்லத் தகுதியற்றவர்கள். குழுவைக் கலைத்துவிட்டார்கள். புதுக் குழு போட நாலு மாதம் ஆகும் என்று எழுத்தர் சொன்னார். வாசலில் அந்த அம்மாள் மட்டும் என்னிடம் வந்து, "எத்தனாவது மாடி வரைக்கும் போகும்?" என்று கிசுகிசுத்தாள். நான் சொல்வதற்குள் காவலாளி பிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "என்னங்க, குழுவைக் கலைச்சுட்டாங்க," என்றேன்.

"பார்த்தாங்களா?"

"ஒண்ணரை நிமிஷம்."

"ம்," என்றார். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து இரண்டாவது குழு. இந்த முறை நான் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். தொண்ணூறு வினாடி முடிந்ததும் உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட அபிப்பிராயங்கள் பதினாலு அதில் அச்சாகியிருந்தன. பிடித்ததில் டிக் அடித்தால் போதும். 'வண்ணங்கள் கண்ணுக்கு இதமாக உள்ளன.' 'கதை இன்னும் சூடு பிடிக்கவில்லை.' 'குழந்தைகளுக்கா பெரியவர்களுக்கா என்று தெரியவில்லை.' 'இன்னும் இரண்டு பாகம் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.' பதினாலாவது, 'இப்போதெல்லாம் முன்பு மாதிரி எடுப்பதில்லை.'

கைக்குட்டையை எடுத்துவிட்டு, "முன்னாடி எதையுமே பார்க்காதவங்க இதை எப்படி சார் சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

வெள்ளைத்தாள் பெருமையாகச் சிரித்தார். "பார்த்துட்டு யார் வேணும்னாலும் சொல்லிடலாமேம்மா. பார்க்காம சொல்றதுக்குத்தான் பயிற்சி வேணும். நம்ம உறுப்பினர்கள் இருபது நாள் முகாம்ல இருந்துட்டு வந்தவங்க."

அதில் ஒரு உறுப்பினர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை' என்பதில் டிக் அடித்துவிட்டார். என்ன எதிர்பார்ப்பு என்று கோப்பில் தேடினார்கள். இல்லை. எதிர்பார்ப்பைப் பதிவு செய்யாமலே அதைப் பூர்த்தி செய்யாமல் விட்ட குற்றத்துக்காக என்னை மேலே இரண்டாம் மாடிக்கு, எதிர்பார்ப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று வாரம் காத்திருந்தேன்.

"இந்தத் தொடர்கிட்ட ஜனங்க என்ன எதிர்பார்க்கறாங்க?" என்றார் அந்தப் பிரிவின் எழுத்தர்.

"ஜனங்களுக்கு இப்படி ஒரு தொடர் இருக்கறதே தெரியாது சார்."

"நல்லது. 'எதிர்பார்ப்பு ஏதுமில்லை'ன்னு போட்டுக்கறேன்." போட்டு முத்திரை குத்தினார். அதை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். எதிர்பார்ப்பே இல்லாத தொடர் அதைப் பூர்த்தி செய்ததா இல்லையா என்று நில அளவையாளரும் வெள்ளைத்தாளும் ஒரு மத்தியானம் முழுக்க விவாதித்தார்கள். முடிவு எட்டாமல் குழுவின் காலம் முடிந்துபோனது. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. கேண்டீனுக்குப் போய் அந்த டீயையே குடித்தேன்.

மூன்றாவது குழு கூடுவதற்குள் சுற்றறிக்கை ஒன்று வந்துவிட்டது. தொண்ணூறு வினாடி காட்டுவதால்தான் இத்தனை சிக்கலும். இனிமேல் எதையும் காட்டவேண்டியதில்லை. கண்ணில் துணி கட்டியபடியே உறுப்பினர்களிடம் தொடரின் பெயரை ஒருமுறை வாசித்துக் காட்டி, அது இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்தால் போதும். அப்படியே செய்தார்கள். ஒன்பது பேரும் அதை வாங்கித் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் கனம் பார்த்தார். இன்னொருவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒன்பது பேரும் ஒரே குரலில் 'மிக மிக நன்று' என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அலுவலகமே ஆடிப்போனது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமனதாக வந்த முதல் அபிப்பிராயம் இதுதானாம். வெள்ளைத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ எப்ப சார் டிவியில வரும்?" என்று கேட்டேன்.

"டிவியிலயா?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா, நிதானமா யோசிங்க. இவ்வளவு சுத்தமான ஒரு அபிப்பிராயம் கிடைச்சிருக்கு. இதைக் கொண்டுபோய் டிவியில போட்டா என்ன ஆகும்? ஜனங்க பார்ப்பாங்க. பார்த்தா இரண்டாவது அபிப்பிராயம் வரும். ஒருத்தன் சுமார்ங்கறான், ஒருத்தி போர்ங்கறா. நாங்க பாடுபட்டது என்னத்துக்கு? உங்க தொடரைப் பாதுகாப்புப் பெட்டகத்துல வைக்கப்போறோம். கேடயமும் உண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை விழா."

நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்காரர் ஜன்னலோரத்தில்தான் இருந்தார். கேடயம், பெட்டகம் எல்லாம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் ஒருத்தர்கூடப் பார்க்கல?"

"இல்லங்க."

எழுந்து போய் வரைமேசையைத் துடைத்தார். "இதைக் கீழ டயர் கடைக்காரருக்குக் குடுத்துடலாம். டியூப் அடுக்கிவைக்க இடமில்லன்னு சொல்லிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஆளை அனுப்பறேன்னிருக்கார்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. பதினாறு வருஷம் அந்த மேசைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவள் நான். அதன் காலுக்கடியில் எந்தக் கட்டை கொடுத்தால் ஆடாது என்று அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் கேடயம் வாங்கவா போனேன்? தொடரைத் திருப்பி வாங்கத்தான் போனேன். திரையிடும் அறையில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளைத்தாள் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். "இந்தத் தொடரின் மகத்துவம் என்னவென்றால், இதில் என்ன இருக்கிறது என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. நாளை நம் பிள்ளைகளுக்கும் தெரியாது. இப்படி ஒரு கலைப்படைப்பை வேறெந்தத் துறை காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது?" பெரிய கைதட்டல். பிறகு கேடயத்தை என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு இது வேண்டாம் சார். எங்க தொடரைக் குடுத்துடுங்க."

"அது பெட்டகத்துக்கு ஒதுக்கியாச்சும்மா."

"சார், அங்க ஒரு மனுஷன் வரையறதையே விட்டுட்டு உக்காந்திருக்கார். மேசையை எடுத்துட்டுப் போக ஆள் வரப்போகுது. உங்க மிக மிக நன்று எங்களுக்கு வேண்டாம் சார். நல்லால்லன்னு சொல்லுங்க, கண்றாவின்னு சொல்லுங்க, ஆனா பார்த்துட்டுச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர் பார்த்தாப் போதும் சார்!" எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

முன்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டார்.

"நான் பார்த்தேன் சார்."

ஆபரேட்டரின் குரல்தான். அவர் எழுந்திருக்கவில்லை, திரும்பவும் இல்லை. அதே அலமாரியைப் பார்த்தபடிதான் சொன்னார்.

"நீங்க எப்படிப் பார்க்க முடியும்? உங்க முதுகுதானே திரைப் பக்கம் இருக்கு?" என்றார் வெள்ளைத்தாள்.

"இந்த அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு சார். எல்லாம் அதுல தெரியும். இடம் வலமா, வலம் இடமாத் தெரியும், அவ்வளவுதான். பன்னிரண்டு பாகமும் பார்த்தேன். பதினொண்ணாவதுல அந்தச் சின்னப் பொண்ணு லிஃப்ட்டுக்குள்ளயே தூங்கிடுதே, அதை எழுப்பிடக் கூடாதுன்னு இது மூச்சை அடக்கிட்டு நிக்குமே, அதை மட்டும் மூணு தரம் ஓட்டினேன்." இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "ஏழாவது மட்டும் கொஞ்சம் இழுவைம்மா. மாடிப்படியும் லிஃப்ட்டும் பேசறாங்க, பேசறாங்க, பேசிக்கிட்டே இருக்காங்க. ஒரு கொட்டாவி வந்துடுச்சு."

அந்த அறையில் இதற்கு முன் யாரும் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. வெள்ளைத்தாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் பார்ப்பது பார்ப்பதாகுமா என்று தீர்மானிக்க அங்கேயே ஒரு துணைக்குழு போட்டார்கள். அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே வேகமான முடிவு அதுதான். ஐம்பது நிமிஷத்தில் தொடர் கறைபட்டதாக அறிவித்து, சான்றிதழை ரத்து செய்து, இனி எந்தக் காலத்திலும் டிவியில் ஓடக் கூடாது என்று முத்திரை குத்தி, ஹார்ட் டிஸ்க்கை என் கையில் திணித்தார்கள். ஆபரேட்டருக்குத் தண்டனையாகப் பெட்டக அறைக்கு மாற்றல். ஏற்கெனவே கறைபட்டவர் என்பதால், இனி அங்கே பிரதி எடுத்து வைத்திருக்கிற முந்நூற்றி நாற்பது தொடரையும் மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. ஆணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"உங்களுக்கு ஏன் அண்ணே இந்த வம்பு?" என்று படியிறங்கும்போது கேட்டேன்.

"இத்தனை வருஷமா எவ்வளவோ பார்த்துட்டேன். ஒரு பய இதுவரைக்கும் 'எப்படி இருந்துச்சு'ன்னு என்னைக் கேட்டதில்லம்மா," என்றார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மேசை பாதிப் படிவரை இறங்கியிருந்தது. ஒரு பக்கம் டயர் கடை ஆள், மறுபக்கம் என் வீட்டுக்காரர். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"டிவியில வராதுங்க. ரத்து பண்ணிட்டாங்க. ஆனா ஒருத்தர் பார்த்துட்டார். பன்னிரண்டும்."

மேசையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "யாரு?"

"அங்க படம் ஓட்டறவர்."

"என்ன சொன்னார்?"

பதினொன்றாம் பாகத்தைச் சொன்னேன். மூன்று தரம் ஓட்டியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "வேற?" என்றார்.

சொல்லவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். "ஏழாவது கொஞ்சம் இழுவையாம். கொட்டாவி வந்துடுச்சாம்."

"இழுவையா?" அவர் முகம் சிவந்தது. "எது இழுவை? ஏழாவதா? தொடருக்கே உயிர் அதுதான்! மாடிப்படி பேசறதுதானே எல்லாத்துக்கும் அடிப்படை! அந்தாளுக்கு என்ன தெரியும்? எந்த இடத்துல கொட்டாவி வந்துச்சாம், அதைச் சொன்னாரா?"

"கேக்கலங்க."

"கேக்கறதுக்கென்ன? நாளைக்கே போய்க் கேட்டுட்டு வா." டயர் கடை ஆளைப் பார்த்து, "தம்பி, திருப்பித் தூக்குப்பா, மேல," என்றார். அவன் தலையிலடித்துக்கொண்டே தூக்கினான்.

மேசை பழைய இடத்துக்கு வந்தது. நான் குனிந்து காலுக்கடியில் கட்டையைச் செருகி முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்து பேனாவைத் திறந்துவிட்டார். அந்தாளை, அவர் கண்ணை, அவர் ரசனையை, அலமாரிக் கண்ணாடியை எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே மாடிப்படியின் பேச்சில் பாதியை அடித்துவிட்டு வரைய ஆரம்பித்தார். நான் பீரோ பக்கம் போய் நின்றுகொண்டேன். எனக்கும் ஏழாவது பாகம் இழுவைதான். நாலு வருஷமாக எனக்கும் அந்த இடத்தில்தான் கொட்டாவி வந்துகொண்டிருந்தது, அதை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.